கமரா காட்டாத கால்



இந்தக் கிழமை எபிசோடில், மனித உடல் அசையிறதைக் கணினி எப்படி வாசிக்கிறது என்று கதைத்தோம். முடியப்போகிற நேரத்தில் எங்கட வீட்டு வீடியோ கசெட் ஒன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, நேரம் போதாமல் நிறுத்திவிட்டேன். "மிச்சத்தை எழுதி அனுப்புறன்" என்று சொன்னது ஞாபகம் இருக்கும். இதுதான் அந்த மிச்சம்.

என் பெரியம்மாவின் அரங்கேற்றம் 1994ல் லண்டனில் நடந்தது. நான் அப்ப பிறக்கவே இல்லை. அன்றைய கடைசி உருப்படி ஒரு தில்லானா. அவருடைய டீச்சர், பெரியம்மாவுக்கென்றே அமைத்துக் கொடுத்தது. வேறு யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. டீச்சர் இப்போது உயிரோடு இல்லை. பெரியம்மா கலியாணம் முடித்து, வேலை, பிள்ளைகள் என்று போய், இருபது வருஷத்துக்கு மேலாகச் சலங்கை கட்டவில்லை. ஒரு முழங்காலில் சத்திரசிகிச்சையும் நடந்துவிட்டது.

போன வருஷம் அவருடைய மகள், எனக்குத் தங்கச்சி, தன் அரங்கேற்றத்துக்கு ஆயத்தமானாள். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றாள்: "கடைசியா அம்மா ஆடின தில்லானாவைத்தான் ஆடுவன்."

வீட்டில் எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். பிறகுதான் கேள்வி வந்தது. அந்தத் தில்லானா இப்ப எங்க இருக்கு?

பரணில் ஒரு வீஎச்எஸ் கசெட். அலுமாரியில் ஒரு பழைய கொப்பி. பிறகு பெரியம்மா. இவ்வளவுதான். "வீடியோ இருக்குத்தானே, பார்த்துப் பழகலாம்" என்று நான் நினைத்தேன். டெக் ஆள் நான்தான் என்று பொறுப்பையும் என் தலையில் போட்டுவிட்டார்கள்.

கசெட்

காந்த நாடா சாகும் பொருள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015ல் 'டெட்லைன் 2025' என்ற பெயரில் ஓர் எச்சரிக்கை விட்டது: 2025க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாத நாடாக்களில் பெரும்பாலானவை கைவிட்டுப் போகும் என்று. நாடா பழுதாவது பாதிக் காரணம்தான். அதைப் போட்டுப் பார்க்கும் இயந்திரமும், அதைத் திருத்தத் தெரிந்த ஆட்களும் இல்லாமல் போவது மறுபாதி. கடைசியாக வீசீஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. உங்கட வீட்டுப் பரணிலும் ஒரு கசெட் இருந்தால், கெடு முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கோ.

எங்கட கசெட் தப்பியிருந்தது. கடையில் கொடுத்து மாற்றினோம். வந்த ஃபைலில் கால் எல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக இருந்தது. காரணம் சுலபம். பிரித்தானியாவில் இருந்தது பால் முறை. விநாடிக்கு 25 படம், ஆனால் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளால் ஆனது. ஒற்றை வரிகள் முதலில், இரட்டை வரிகள் ஐம்பதில் ஒரு விநாடி கழித்து. அந்த இடைவெளிக்குள் கால் நகர்ந்துவிடும். இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே படமாக ஒட்டினால் சீப்புப் பல் வரும். ஒரு பாதியைத் தூக்கி எறிந்தால் அசைவில் பாதி போய்விடும்.

நடனத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. தாளம் விநாடிக்கு ஓர் அட்சரம் என்று வையுங்கோ. மூன்றாம் காலத்தில் விநாடிக்கு நாலு தட்டு. 25 படத்தில், ஒரு தட்டுக்கு ஆறு படம்தான் கிடைக்கும். கால் தூக்கி, மடித்து, தட்டுவது எல்லாம் அந்த ஆறுக்குள். எஃப்எஃப்எம்பெக் மாதிரி இலவச மென்பொருளில், ஒவ்வொரு பாதியையும் தனிப் படமாக்கி விநாடிக்கு 50 என்று எடுக்கலாம். ஆறு பன்னிரண்டாகும். அப்படி எடுத்தேன். கால் தெளிந்தது.

தெளிந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை தெரிந்தது. கமராக்காரர் கலியாண வீடியோ எடுத்துப் பழகியவர். ஜதி வேகமெடுக்கும் நேரம் பார்த்து முகத்துக்குக் கிட்டப் போவார். தீர்மானம் தொடங்கினால் மேடையோரத்தில் இருக்கும் நடராசர் சிலையைக் காட்டுவார். ஓரிடத்தில் ரோசாப்பூ ஒன்று விரிந்து திரையை மூடுகிறது. பெரியம்மாவின் கால் எது செய்தது என்று யாருக்குத் தெரியும்?

தங்கச்சி சிரித்துவிட்டு, பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

கொப்பி

பெரியம்மா எட்டு வயதில் லண்டனுக்கு வந்தவர். தமிழ் கதைப்பார், வேகமாக எழுத வராது. எங்களில் பலருக்கும் இது தெரிந்த கதை. அதனால் சொற்கட்டு முழுவதையும் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். ஒரே பக்கத்தில் 'தகதிமி' மூன்று விதமாக எழுத்துக்கூட்டப்பட்டிருந்தது. அது பிரச்சினை இல்லை, வாய்க்குத் தெரியும். பிரச்சினை வேறு.

'ததிங்கிணதொம்' எடுத்துக்கொள்ளுங்கோ. த, திங், கி, ண, தொம். ஐந்து. அதே சொல்லை நடுவில் ஒரு மாத்திரை இழுத்தால் ஆறு. இரண்டு இடத்தில் இழுத்தால் ஏழு. சொல் மாறாது, கணக்கு மாறிவிடும். அந்த இழுப்புக்குக் கார்வை என்று பெயர். கர்நாடக இசையை எழுதும்போது ஒரு மாத்திரை நீட்டலுக்குக் காற்புள்ளி, இரண்டுக்கு அரைப்புள்ளி போடுவது வழக்கம். பெரியம்மாவின் கொப்பியில் ஒரு காற்புள்ளி கூட இல்லை.

"ஏன் பெரியம்மா போடேல்லை?"

"டீச்சர் தட்டுக்கழி தட்டுவா. எனக்குக் கேட்கும்தானே. அதை ஏன் எழுதுவான்?"

கோட் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைப்பீர்கள். எல்லாம் தெரிந்தவருக்காக எழுதிய ஆவணம் அது. தெரிந்தது மறந்து போகும் நாளுக்காக எழுதியது இல்லை. அதுவும் ஒரு கோர்வைக்குப் பக்கத்தில் வெறுமனே இப்படி இருந்தது: "முந்தினது மாதிரி, ஆனா மாத்தி."

ஆனாலும் கொப்பியைக் குறை சொல்ல மாட்டேன். சொற்கட்டு என்பதே பெரிய தொழில்நுட்பம். கடதாசியும் கமராவும் இல்லாமல், ஒரு நடனத்தின் கால எலும்புக்கூட்டை வாயில் வைத்துத் தலைமுறை தாண்டிக் கொண்டுபோக முடிந்தது அதனால்தான். 'தெய்யா தெய்' என்றால் அது வெறும் ஒலி இல்லை. அடவு பழகிய உடல் அதைக் கேட்டதும் தட்டடவுக்கு ஆயத்தமாகிவிடும். சுருக்கிய ஃபைல் மாதிரி அது. ஆனால் விரிக்கும் மென்பொருள் ஆளின் உடலில் இருக்க வேணும்.

லண்டன் மூன்று தடவை எழுதிப் பார்த்தது

நடனத்தை எழுதிவைக்க முடியுமா என்ற கேள்விக்கும் நாங்கள் இருக்கும் இந்த நகரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு.

1700ல் பாரிசில் ரவுல்-ஓஜே ஃபுய்யே ஒரு நடன எழுத்துமுறையை அச்சிட்டார். 1706ல் ஜான் வீவர் அதை ஆங்கிலமாக்கி லண்டனில் வெளியிட்டார். பக்கத்தை நடன மண்டபத்தின் தரையாக நினைத்து, கால் போகும் பாதையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைவது அந்த முறை. பாதையும் காலடியும் நன்றாக வரும். கைக்கு அதில் பெரிய இடம் இல்லை. எங்கட ஒரு வர்ணத்தை அதில் எழுதினால் முக்கால்வாசி காணாமல் போகும்.

இரண்டாவது ருடால்ஃப் லாபன். 1928ல் ஜெர்மனியில் தன் எழுத்தை வெளியிட்டார். நாசிகளின் காலத்தில் அங்கிருந்து வெளியேறி 1938ல் இங்கிலாந்துக்கு அகதியாக வந்தார். டெப்ட்ஃபோர்டில் இருக்கும் ட்ரினிட்டி லாபன் கல்லூரியின் பெயரில் இருப்பவர் அவர்தான். அவருடைய எழுத்தைக் கீழிருந்து மேலே வாசிக்க வேணும். குறியின் வடிவம் திசை, நிழல் உயரம், நீளம் நேரம். குறி நீளமாக இருந்தால் அசைவு மெதுவானது. பெரியம்மாவின் கொப்பியில் இல்லாத கார்வை, இங்கே கண்ணுக்குத் தெரியும் நீளமாக இருக்கிறது.

மூன்றாவது லண்டனிலேயே பிறந்தது. ஜோன் பெனெஷ் சாட்லர்ஸ் வெல்ஸ் பாலேயில் ஆடியவர். கணவர் ருடால்ஃப் பெனெஷ் கணக்காளர், ஓவியமும் தெரிந்தவர். 1956ல் இருவரும் தங்கள் எழுத்துமுறையைப் புத்தகமாக்கினார்கள். மேற்கத்திய இசைத்தாள் மாதிரி ஐந்து கோடு. மேலிருந்து: உச்சந்தலை, தோள், இடுப்பு, முழங்கால், தரை. கையும் காலும் அந்தந்த உயரத்தில் குறிக்கப்படும். ரோயல் பாலே அதை எடுத்துக்கொண்டது. கென்னத் மக்மில்லன் 1992ல் தன் 'மயர்லிங்' நடந்துகொண்டிருந்த இரவில், மேடைக்குப் பின்னால் இறந்தார். அவருடைய பாலேக்கள் இன்றும் மேடையேற அந்தத் தாள்கள் உதவுகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. பெனெஷ் எழுத்து ஆடுபவரைப் பின்னாலிருந்து பார்க்கிறது. ஏன் தெரியுமா? வாசிப்பவரின் வலது, தாளிலும் வலது. டீச்சர் எங்களைப் பார்த்து நின்று சொல்லிக்கொடுக்கும்போது அவரே தன் இடது வலதை மாற்றிச் செய்வார். ஆனால் வட்ஸ்அப்பில் வரும் வீடியோ? செல்ஃபி கமரா சில போன்களில் கண்ணாடி மாதிரி திருப்பிச் சேமிக்கும், சிலதில் சேமிக்காது. என் தங்கச்சி ஒருதடவை வீட்டிலிருந்து ஒரு ஜதியை முழுக்க இடது பக்கத்தில் தொடங்கிப் பழகிக்கொண்டு போய் வகுப்பில் நின்றாள். வலதில் தொடங்கியதை மறுபடி பழக ஒரு மாதம் பிடித்தது.

சரி, வீடியோ இருக்கும்போது இந்தக் குறியெல்லாம் எதற்கு? வீடியோ ஓர் இரவைக் காட்டும். எழுத்து உருப்படியைச் சொல்லும். 1994ன் வீடியோவில் பெரியம்மா ஓரிடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறார். தங்கச்சி அதையும் நடனம் என்று நினைத்து அப்படியே பழகியிருந்தாள். "ஐயோ, அது நான் சறுக்கினது பிள்ளை!" என்று பெரியம்மா சொன்னபோதுதான் தெரிந்தது. எழுதுகிறவர் ஒத்திகையில் இருந்து, அமைத்தவர் என்ன நினைத்தார் என்று கேட்டு எழுதுவார். கமராவுக்குக் கேட்கத் தெரியாது.

கணினியிடம் கொடுத்துப் பார்த்தேன்

எபிசோடில் சொன்ன விஷயத்தையே வீட்டில் செய்து பார்த்தேன். கூகிளின் மீடியாபைப் உடலில் 33 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும். அரைமண்டியில் நிற்கும் உடலை நன்றாகவே பிடித்தது. முதுகு சரிந்திருக்கிறதா, கை தோளுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க உதவும்.

ஆனால் அந்த 33ல், மணிக்கட்டுக்கு அப்பால் ஒரு கைக்கு மூன்றே மூன்று புள்ளிதான்: பெருவிரல், சுட்டுவிரல், சுண்டுவிரல். பதாகத்துக்கும் திரிபதாகத்துக்கும் வித்தியாசம் மோதிரவிரல் மடிவது. அந்த விரல் அதன் உலகத்திலேயே இல்லை! அபிநய தர்ப்பணம் ஒற்றைக் கைக்கு மட்டும் 28 முத்திரை சொல்கிறது. கைக்கென்று தனி மாடல் இருக்கு, 21 புள்ளி பார்க்கும்; பழைய கசெட்டின் மங்கலில் அதற்கு விரல் பிரித்துத் தெரியவில்லை. உடுப்பின் விசிறி மடிப்பு முழங்காலை மறைத்தால் அது தானாக ஓர் இடத்தை ஊகித்துப் புள்ளி வைக்கும். அது தெரியாமல் நம்பினால் ஆபத்து.

பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தவர் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் பார்க்கில் ஸ்டூடியோ வைத்திருக்கும் வேய்ன் மக்கிரேகர். 2019ல் கூகிளோடு சேர்ந்து 'லிவிங் ஆர்க்கைவ்' செய்தார். தன் 25 வருஷ வீடியோக்களைக் கொடுத்துப் பயிற்றுவித்த மாடல், அடுத்து வரக்கூடிய அசைவுகளை முன்வைக்கும். கவனியுங்கோ, அவருக்குத் தேவைப்பட்டது புது யோசனை. மாடல் தப்பாக ஊகித்தாலும் அவருக்கு லாபம்தான். எங்களுக்குத் தேவைப்பட்டது ஒருவர் ஏற்கெனவே செய்த ஒன்று. ஊகம் எங்களுக்கு உதவாது.

எனக்கு உண்மையில் உதவிய மென்பொருள் ஓடாசிட்டி. கமரா ரோசாப்பூவைக் காட்டிய நேரத்திலும் மைக் வேலை செய்துகொண்டே இருந்தது. ஒலியின் ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்தால், நட்டுவாங்கத் தாளத்தின் 'டிங்' மேலே மெல்லிய கோடாக. மரத்தரையில் பாதம் தட்டும் 'தொம்' கீழே தடித்த புள்ளியாக. மூன்று இரவு இருந்து புள்ளிகளை எண்ணினேன். கொப்பியில் இல்லாத காற்புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. ததிங்கிணதொம், முதல் தடவை ஐந்து, இரண்டாம் தடவை ஆறு, மூன்றாம் தடவை ஏழு. கால் எங்கே போனது என்று தெரியாது. எப்போது தட்டியது என்று தெரியும்.

பெரியம்மாவின் கை

"எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை" என்றுதான் பெரியம்மா எப்போதும் சொல்வார். கேட்டால் அப்படித்தான் சொல்வார். நான் கேட்காமல், திருத்திய சொற்கட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டு நின்றேன். கதிரையில் இருந்தபடியே அவருடைய உள்ளங்கை இரண்டும் மடியில் கால் மாதிரி நடக்கத் தொடங்கின. வலது கை தட்ட, இடது கை குதிக்காலை நாட்டுவது போல் சாய்ந்தது. "நாட்டடவு" என்றாள் தங்கச்சி மெதுவாக. பெரியம்மாவுக்கே தெரியாமல் பெரியம்மா ஆடிக்கொண்டிருந்தார்.

ஆடுபவர்கள் முழு வேகத்தில் ஆடாமல், கையாலோ சின்ன அசைவாலோ ஓட்டிப் பார்ப்பதற்கு மார்க்கிங் என்று பெயர். சான் டியாகோவில் இருக்கும் அறிவாற்றல் விஞ்ஞானி டேவிட் கெர்ஷ், மக்கிரேகரின் ஆட்டக்காரர்களை வைத்தே இதை ஆராய்ந்தார். புதிய அசைவுத் தொடர் ஒன்றைப் பழக, முழுசாக ஆடிப் பார்ப்பதைவிட மார்க்கிங் அதிகம் உதவியதாகக் கண்டார். யோசிப்பது தலைக்குள் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை, உடலே யோசிக்கிறது என்பது அவருடைய வாதம். மடியில் கை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் எங்கட நட்டுவனார்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

அந்தக் கையை நான் போனில் எடுத்தேன். மேலிருந்து, அசையாமல், ஒரு முகமும் இல்லாமல், கை மட்டும். கசெட், கொப்பி, ஒலி, கை. நாலையும் தங்கச்சியின் இப்போதைய டீச்சரிடம் கொண்டுபோனோம். அவர் ஒவ்வொரு ஆவர்த்தனமாக ஒட்டிக்கொண்டு வந்தார்.

இது யாருடைய தில்லானா?

ஒட்டிக்கொண்டு வரும்போது அவர் கேட்ட முதல் கேள்வி: "அனுமதி வாங்கினீங்களோ?" எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லை.

நான் வக்கீல் இல்லை. ஆனால் சட்டம் வாசிக்கலாம்தானே. பெனெஷ் புத்தகம் வந்த அதே 1956ல் பிரித்தானியா ஒரு பதிப்புரிமைச் சட்டம் போட்டது. அதன்படி ஒரு நடனத்துக்கு உரிமை வேண்டுமென்றால் அதை எழுத்தில் வைத்திருக்க வேணும். படமாக எடுத்தது அந்தக் கணக்கில் சேராது. சொற்கட்டை வாயிலும் அடவை உடலிலும் வைத்திருந்த எங்கட டீச்சர்மாரின் உருப்படிகள் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு இல்லாத பொருட்கள். 1988ல் வந்த புதிய சட்டம், 1989 ஓகஸ்ட் 1 முதல், "எழுத்திலோ வேறு விதமாகவோ" பதிவாகியிருந்தால் போதும் என்று மாற்றியது. பதிவு செய்தவர் அமைத்தவரிடம் அனுமதி கேட்டாரா என்பதுகூட முக்கியம் இல்லை. அதாவது, ரோசாப்பூ போட்ட அந்தக் கமராக்காரர், தனக்கே தெரியாமல் டீச்சருக்குச் சட்டப்படி ஒரு உரிமையை உருவாக்கிக் கொடுத்திருக்கிறார். வீடியோவின் உரிமை வேறு. நடனத்தின் உரிமை டீச்சருடையது. அவர் இறந்த பிறகும் 70 வருஷம் அது வாரிசுகளிடம் இருக்கும். நாட்டடவும் தட்டடவும் யாருக்கும் சொந்தம் இல்லை, அது எல்லாருடைய சொத்து. அவற்றை அவர் கோர்த்த விதம் அவருடையது.

இது பழைய ஆட்களின் கவலை மட்டும் இல்லை. கைல் ஹனகாமி என்ற அமெரிக்க நடன அமைப்பாளர், தன் அசைவுகளை ஃபோர்ட்நைட் விளையாட்டு எடுத்து விற்றதாக வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட் தள்ளிவிட்டது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுபடி உயிர்ப்பித்தது. நடனத்தைத் தனித்தனிப் போஸ்களாக உடைத்துப் பார்த்தால் போதாது, அமைப்பைப் பார்க்க வேணும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பெரியம்மா டீச்சரின் மகனுக்குப் போன் எடுத்தார். அவருக்கும் இப்போது அறுபது வயதுக்குக் கிட்ட. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு, "அம்மாட பேரைப் போட்டு ஆடுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

கிடைக்காத பதினாறு

எல்லாம் ஒட்டின பிறகும் இரண்டு ஆவர்த்தனம், பதினாறு அட்சரம், கிடைக்கவில்லை. கமரா நடராசரைப் பார்க்கிறது. கைதட்டல் ஒலியை மூடிவிட்டது. பெரியம்மாவின் கை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. கொப்பியில் இருப்பது அந்த ஒரு வரிதான்: "முந்தினது மாதிரி, ஆனா மாத்தி."

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில், நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களைச் செதுக்கத் தொடங்கி, 81ஐ முடித்திருக்கிறார்கள். மிச்சம் 27க்கான கல் வெறுமையாக, ஆயத்தமாக, இன்னும் இருக்கிறது. செதுக்கின 81ம்கூட ஒவ்வொன்றும் அசைவின் ஒரு கணம்தான்; கரணம் என்பது நிற்கிற போஸ் இல்லை, அது அசைவு என்று வாதாடி அவற்றை ஆடிக் காட்டியவர் பத்மா சுப்ரமணியம்.

எங்களிடம் கல் இல்லை, மேடை இருந்தது. பதினாறு அட்சரம் சும்மா நிற்க முடியாது. புது டீச்சர் தான் அமைக்கலாம் என்றார். பிறகு தானே யோசித்து, "வேண்டாம், நீயே செய்" என்று தங்கச்சியிடம் விட்டுவிட்டார். அவள் இரண்டு கிழமை எடுத்தாள். செய்ததைப் பெரியம்மாவிடம் ஆடிக் காட்டினாள். "டீச்சர் இப்பிடிச் செய்திருக்க மாட்டா" என்றார் பெரியம்மா. கொஞ்சம் பொறுத்து, "ஆனா அவவுக்குப் பிடிச்சிருக்கும்."

நிகழ்ச்சித் தாளில் நடன அமைப்பு என்ற இடத்தில் டீச்சரின் பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், இன்ன இடத்தில் இரண்டு ஆவர்த்தனம் மட்டும் ஆடுபவர் அமைத்தது என்று. சபையில் யாரும் அதை வாசித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. டீச்சரின் மகன் வாசித்தார்.

இந்த வார இறுதியில் செய்யக்கூடியது

ஆடுகிறவர்களோ, ஆடினவர்களின் பிள்ளைகளோ, இதைச் செய்து வையுங்கோ:

- பரணில் கசெட் இருந்தால் இப்பவே மாற்றுங்கோ. விநாடிக்கு 50 படமாகக் கேளுங்கோ. மாற்றின பிறகும் கசெட்டை எறிய வேண்டாம்.

- புதுசாகப் படம் பிடித்தால் ஒரு கமராவை ஸ்டாண்டில் வைத்து, தலை முதல் பாதம் வரை, அசைக்காமல் விடுங்கோ. பின்னாலிருந்தும் ஒருமுறை எடுங்கோ. ஆடாமல் சொற்கட்டு மட்டும் சொல்லி ஒரு ஒலிப்பதிவு தனியாக.

- கொப்பியில் காற்புள்ளி போடுங்கோ. எந்த மொழி எழுத்து என்பது பிரச்சினை இல்லை. இடைவெளியை எழுதுங்கோ.

- எது டீச்சர் சொன்னது, எது அன்று தவறி நடந்தது, எது நீங்களே மாற்றினது என்று பக்கத்தில் குறியுங்கோ. அமைத்தவரின் பெயரும் திகதியும்.

- அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ "ஞாபகம் இருக்கா?" என்று கேட்க வேண்டாம். பாட்டைப் போட்டுவிட்டுக் கையைப் பாருங்கோ.

தங்கச்சி இப்போது ஒரு புதுக் கொப்பி வைத்திருக்கிறாள். டீச்சரின் தில்லானா கறுப்பு மையில், அவளுடைய பதினாறு அட்சரம் பச்சை மையில். போன கிழமை புரட்டிப் பார்த்தேன். பக்கம் முழுக்கக் காற்புள்ளி.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்கட வீட்டுக் கசெட் கதை இருந்தால் எழுதி அனுப்புங்கோ.